கயட்டான் வோண்ட்ராஷெக்கின் சதுர ஊர்வலம்

மார்ட்டின் திருநாள் மதியம், வாத்து வறுவலின் இரண்டாவது காலைக் கடித்துக்கொண்டிருந்தபோது கயட்டான் வோண்ட்ராஷெக் இறந்துபோனார். வயது அறுபத்திரண்டு. பொத்தான் ஆலை முதலாளி. போதாததற்கு அரசாங்கம் கொடுத்த வணிக ஆலோசகர் பட்டமும் உண்டு. யாருக்கும் எந்த ஆலோசனையும் சொல்லத் தேவையில்லாத பட்டம் என்பதால் அதை அவர் கடைசிவரை நல்லபடியாகக் காப்பாற்றினார்.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி முதுகைச் சாய்க்க விடாத வகை. அதனால் இறந்த பிறகும் சற்று நேரம் நிமிர்ந்தே இருந்தார். மனைவி ஃபிலோமினா, இன்னும் கொஞ்சம் முட்டைக்கோஸ் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டாள். பதில் இல்லை. இருபத்தாறு வருட மணவாழ்க்கையில் இது புதிதல்ல. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

நாற்காலியைச் செய்தவர் புரொபசர் ஏகோன் தால்ராய்ட்டர். நாற்காலி மட்டுமல்ல, வியன்னாவின் நொய்பாவ் பகுதியில் இரண்டாவது மாடியில் இருந்த அந்த வீட்டில் வாத்தைத் தவிர மற்ற எல்லாமே அவர் வரைந்து செய்தவை. வாத்தைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது.

ஃபிலோமினா கல்யாணமாகி வந்தபோது வீடு நிறைய மான்கொம்பும் மயிலிறகும், கோட்டைக் கதவு அளவுக்குச் செதுக்கிய ஓக் அலமாரிகளும் இருந்தன. சிவப்பு வெல்வெட் திரைகளால் நடுப்பகலிலும் விளக்கேற்ற வேண்டும். அதுதான் அன்றைய கௌரவம். எட்டு வருடம் முன்னால் புரொபசர் உள்ளே வந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார், எல்லாவற்றையும் பழைய சாமான்காரனுக்குத் தள்ளினார். முதலில் அவர் வளைவுக் கட்சி. கதவுக் கைப்பிடி அல்லித்தண்டாக வளைந்தது. கட்டில்கால் கொடியாகச் சுருண்டது. தண்ணீர்க் குழாயின் மேல் ஒரு வெண்கலப் பெண் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டாள். வீட்டுக்காரர்கள் அவளுக்குப் பழகிவந்த சமயத்தில், வளைவு என்பது பொய், சதுரமே உண்மை என்று புரொபசர் கண்டுகொண்டார். வெண்கலப் பெண் வெளியேற்றப்பட்டாள். வெள்ளைச் சாயம் பூசிய அலமாரிகள் வந்தன, ஓரத்தில் கருப்புச் சதுரங்களோடு. நாற்காலி முதுகில் சதுர ஓட்டைகள், கம்பளத்தில் சதுரங்கள். முள்கரண்டியிலும் சதுர ஓட்டைகள் இருந்தன. பட்டாணி அவற்றின் வழியே தட்டுக்கே திரும்பிவிடும்.

"பொருளுக்கு நேர்மை வேணும். மரம்னா மரமா இருக்கணும். வேற எதுவாவும் நடிக்கக் கூடாது" என்பார் புரொபசர்.

கயட்டான் தலையாட்டுவார். அவருடைய ஆலையில் ஏதோ ஒரு காட்டுக்கொட்டையைச் சீவி, யானைத் தந்தம் என்று சொல்லிப் பொத்தான் செய்தார்கள். அந்தப் பொய்யில் வந்த காசில்தான் இந்த நேர்மையெல்லாம் நடந்தது.

ஃபிலோமினாவுக்கு வீடு பிடித்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமைதோறும் அவளைப் பார்க்க வரும் சீமாட்டிகள் வாயைப் பிளந்தார்கள். அது போதுமாயிருந்தது. உட்காரத்தான் முடியாது, காட்டிக்கொள்ளலாம்.

இப்போது கயட்டானைக் காட்டவேண்டிய நேரம். வியன்னாவில் ஒருவன் எப்படி வாழ்ந்தான் என்று யாரும் பெரிதாக விசாரிப்பதில்லை, எப்படிப் போனான் என்றுதான் பேசுவார்கள். உடலை வீட்டுக் கூடத்தில் கிடத்தி, சுவரெல்லாம் கருப்புத் துணி மாட்டி, சுற்றிலும் ஆளுயர மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்தால், தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரும் வந்து பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார்கள். போன வருடம் ஃபிலோமினாவின் நாத்தனார் கிரெஸென்ஸ் தன் கணவரை அப்படி அனுப்பிவைத்தாள். அவர் குதிரைக்கறிக் கடைக்காரர். ஆறு குதிரை பூட்டிய வண்டியில் போனார். குதிரைகள் பழசை மனதில் வைக்காமல் இழுத்தன. அன்றிலிருந்து கிரெஸென்ஸ் அந்த ஆறு குதிரைகளை எந்தப் பேச்சிலும் அவிழ்த்துவிட்டதில்லை.

கயட்டானின் ஊர்வலம் அதைத் தூக்கிச் சாப்பிட வேண்டும். ஃபிலோமினாவுக்கு அன்று இருந்த ஆசை அது ஒன்றுதான். துக்கமும் இருந்தது, அது தனிக் கணக்கு.

உடலை எங்கே வைப்பது என்பதில் தொடங்கியது சிக்கல். புரொபசர் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் இடம் வைத்திருந்தார். குடைக்கு ஒரு மாடம், கையுறைக்கு ஓர் இழுப்பறை, நாய் இல்லாத வீட்டில் நாய்ச்சங்கிலிக்கு ஒரு கொக்கி. சாவதற்கு மட்டும் இடம் வைக்கவில்லை. கட்டில் சுவருக்குள் செருகிய பெட்டி, அதைச் சுற்றி யாரும் நிற்க முடியாது. கடைசியில் சாப்பாட்டு மேசையில் கிடத்தினார்கள். அதுவும் சதுரம், கயட்டான் நீளம். முழங்காலுக்குக் கீழே அவர் அந்தரத்தில் இருந்தார். வேலைக்காரி ரேஸி இஸ்திரிப் பலகையைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தாள்.

சாவு ஊர்வலங்களை ஏற்பாடு செய்யும் ஸப்ரான்ஸ்கி சாயங்காலமே வந்துவிட்டார். பின்னால் நான்கு ஆட்கள் கருப்பு வெல்வெட் சுருள்களும், காலில் சிங்கமும் தலையில் தேவதையுமாக இருந்த வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளும் சுமந்து நின்றார்கள்.

"ஆலோசகரம்மா, முதல் தரம் பண்ணிடறேன். எட்டுக் குதிரை" என்றார்.

"எட்டா? கிரெஸென்ஸ் வீட்டுக்காரருக்கு ஆறுதானே?"

"அதான் எட்டு. தெரு முனை திரும்பறதுதான் கொஞ்சம் கஷ்டம். ஆனா திரும்பிடும். நம்ம குதிரைங்க இந்த ஏரியாவுல நிறைய பேரைக் கொண்டுபோயிருக்கு."

ஃபிலோமினாவின் மனம் அன்று முதன்முறையாகச் சற்று ஆறுதலடைந்தது. அந்த நேரம் பார்த்து புரொபசர் வந்து சேர்ந்தார். தொப்பியைக் கழற்றினார். கயட்டானைப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு இஸ்திரிப் பலகையைப் பார்த்தார். கலக்கம் தீர்ந்துவிட்டது.

"இதை யார் இங்க வெச்சது?"

"கால் நிக்கல சார்" என்றாள் ரேஸி.

"அவர் மேசையை விட இவ்வளவு நீளமா இருக்கக் கூடாது." திரும்பியவர் சிங்கக்கால் தண்டுகளைப் பார்த்துவிட்டார். "இது என்ன மிருகக்காட்சிசாலையா? இந்தக் கருப்புத் துணியை இந்த அறைச் சுவர்ல மாட்டினீங்கன்னா நான் செத்ததுக்குச் சமம்."

ஸப்ரான்ஸ்கி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். "சார் உயரம் எவ்வளவு?"

புரொபசர் நாடாவைத் தள்ளிவிட்டார். ஃபிலோமினாவின் பக்கம் குனிந்தார். "அம்மணி, ஆறு குதிரை, எட்டுக் குதிரை, பன்னிரண்டு குதிரை. அது ஊர்வலம் இல்ல, லாயம். இந்த வீட்டுல உங்க கணவர் சதுரத்துலயே சாப்பிட்டார், சதுரத்துலயே தூங்கினார். அவரைப் போய்க் கடைசியில சிங்கத்தோட அனுப்பறதா? என்கிட்ட விடுங்க. வியன்னாவுல இதுவரைக்கும் யாரும் பாக்காத ஊர்வலம் நான் செஞ்சு தர்றேன்."

"ஊரே பேசுமா?"

"பேசாம இருக்க முடியாது."

எட்டு வருடத்தில் புரொபசர் கொடுத்த வாக்குறுதிகளில் அப்படியே பலித்தது இது ஒன்றுதான். ஃபிலோமினா சரி என்றாள். ஸப்ரான்ஸ்கியின் ஆட்கள் சிங்கங்களைத் திருப்பி இறக்கிக்கொண்டு போனார்கள். எட்டுக் குதிரை ஏற்பாடு மட்டும் தப்பியது. குதிரையைச் சதுரமாக்கும் வழி புரொபசருக்கு உடனே தோன்றவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவருடைய பட்டறையில் யாரும் தூங்கவில்லை. முதலில் இரங்கல் அட்டை வந்தது. கைக்குட்டை அளவு, சதுரம், எழுத்துகளும் சதுரம். ஒரு வரியைக்கூட யாராலும் படிக்க முடியவில்லை. அதைப் புதிய காப்பிக் கடையின் திறப்புவிழா அழைப்பு என்று நினைத்து வந்தவர்களும் உண்டு. அடுத்து ஃபிலோமினாவுக்குத் துக்க உடை. இடுப்பு என்று ஒன்று இருப்பதையே ஏற்காத ஒரு சாம்பல் நிற அங்கி, கழுத்தில் கருப்புச் சதுரங்கள். மலர்வளையம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மலர்ச்சதுரம் செய்தார். பெட்டி தூக்குகிறவர்களுக்கு நான்கு மூலைத் தொப்பி. தலை அப்படி இல்லாததால் ஆளுக்கு ஒரு பக்கம் வழுக்கியது.

மூன்றாம் நாள் காலை சவப்பெட்டி வந்தது. பளபளவென்று வெள்ளைச் சாயம், ஓரம் முழுக்க வரிசையாகக் கருப்புச் சதுரங்கள், சதுரக் கைப்பிடிகள். எட்டு வருடமாக அவர் கொண்டுவந்து இறக்கிய வெள்ளைச் சாமான்களுக்கு நடுவில் ஃபிலோமினாவின் கண்ணுக்கு அது இன்னோர் அலமாரியாகத்தான் தெரிந்தது. கதவைத் தேடிக்கூடப் பார்த்தாள்.

"ஆலோசகரம்மா, ஒண்ணு சொல்லலாமா?" என்று ஆரம்பித்தார் ஸப்ரான்ஸ்கி.

"நீங்க குதிரைக்கு மட்டும்தான்" என்றார் புரொபசர்.

"அப்ப சரி" என்று ஸப்ரான்ஸ்கி வாயை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் லேசான மகிழ்ச்சி இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பெட்டியை மூடித் தெருவுக்கு இறக்கி, வாசலில் முக்காலிகள் மேல் வைத்தார்கள். பாதிரியார் வருவதற்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. தெரு இரு பக்கமும் ஆட்கள். எதிர்வீட்டு ஜன்னல்களில் தலையணை போட்டு முழங்கையை ஊன்றிக்கொண்டு பெண்கள். அப்போதுதான் கிரெஸென்ஸ் வண்டியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அண்ணி, இந்தப் பெட்டி யாருக்கு?"

"என்ன கேள்வி இது. உங்க அண்ணனுக்குத்தான்."

"அவன் என்ன கைக்குழந்தையா?"

ஃபிலோமினாவுக்குப் புரியவில்லை.

"வெள்ளைப் பெட்டி அண்ணி. வெள்ளைப் பெட்டி யாருக்கு வைப்பாங்க? குழந்தைக்கு வைப்பாங்க. கல்யாணம் காட்சி எதுவும் பாக்காம போற பொண்ணுக்கு வைப்பாங்க. அறுபத்திரண்டு வயசு ஆம்பளைக்கு யாராவது வைப்பாங்களா? பாத்தா ஜனங்க என்ன நினைக்கும்?" குரலைத் தாழ்த்தினாள். அதாவது, எதிர்வீட்டுக்குக் கேட்காதபடி. பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "இருபத்தாறு வருஷம் கூட இருந்தீங்களே அண்ணி. ஒண்ணுமேவா நடக்கல?"

ஃபிலோமினா பெட்டியை மறுபடி பார்த்தாள். பிறந்ததிலிருந்து வியன்னாக்காரி. வெள்ளைப் பெட்டி யாருக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். பார்த்துப் பார்த்துக் கண் வெள்ளைக்கு மரத்துப்போயிருந்தது. பிள்ளையில்லாத வீடு, வாசலில் வெள்ளைப் பெட்டி. ஊர் கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்கு வேறென்ன வேண்டும்? கயட்டான் கன்னியாகவே போய்ச் சேர்ந்தார் என்று மத்தியக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் சொல்லிச் சிரிக்கப்போகிறார்கள். அவர் போய்விட்டார். மீதிக் காலத்துக்கு அந்தச் சிரிப்போடு குடித்தனம் பண்ணவேண்டியது அவள்.

"ஸப்ரான்ஸ்கி, கருப்புப் பெட்டி இருக்கா?"

"கடையில இருக்கு ஆலோசகரம்மா. போய் வர ஒரு மணி நேரம் ஆகும். பாதிரியார் தெருமுனைக்கு வந்துட்டார்."

"கருப்புத் துணியாவது மேல போடுங்க."

"அதைத்தான் வேண்டாம்னு புரொபசர் சார் திருப்பி அனுப்பிட்டாரே" என்றார் ஸப்ரான்ஸ்கி பணிவாக.

"பெட்டி மேல துணி போடறது பொருளுக்குச் செய்யற துரோகம்" என்றார் புரொபசர். "அப்புறம், அது வெள்ளை இல்ல அம்மணி. நிறம் இல்லாத நிலை."

கூட்டத்துக்கு நிறம் இல்லாத நிலை பிடிபடவில்லை. வெள்ளை என்றே எடுத்துக்கொண்டது.

"யார் வீட்டுக் குழந்தைம்மா?" என்றாள் கூடையோடு நின்ற ஒருத்தி.

"குழந்தையா? பொத்தான் ஆலை வோண்ட்ராஷெக்."

"ஐயோ பாவம். அந்த அளவுக்கா?"

"ஊருக்கெல்லாம் பொத்தான் பண்ணித் தந்தவர், சொந்தப் பொத்தானைக் கழட்டவே இல்ல போலிருக்கு" என்றான் ஒரு வண்டிக்காரன்.

சிரிப்பு நடைபாதையில் தொடங்கி ஜன்னல்களுக்கு ஏறியது. தலையணைகள் குலுங்கின. மூடிய பெட்டியைப் பார்த்து ஒரு கிழவர் மிகுந்த பக்தியோடு சிலுவைக் குறி போட்டார், புனிதர் யாரோ உள்ளே இருப்பதுபோல. ஃபிலோமினா இடுப்பில்லாத அங்கியை விரித்துப் பெட்டியை மறைக்கப் பார்த்தாள். வாயைத் திறந்து என்ன சொல்வது? கல்யாணமான முதல் வருடத்தைப் பற்றித் தெருவில் நின்று சாட்சி சொல்ல முடியுமா?

"வாயை மூடுய்யா" என்றது ஒரு குரல்.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான உடம்பு, நல்ல கருப்பு உடை, முக்காட்டுக்குள் அழுது வீங்கிய முகம். வண்டிக்காரனின் மூக்குக்கு நேரே விரலை நீட்டினாள்.

"யாரைப் பாத்து என்ன பேசற? அவர் ஆம்பளை. நான் சொல்றேன் கேட்டுக்க. பதினோரு வருஷம். ஒரு குறை சொல்ல முடியாது."

வண்டிக்காரன் ஓரடி பின்வாங்கினான்.

பேசிய பிறகுதான் எங்கே நின்று என்ன பேசினோம் என்பது அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிரெஸென்ஸ், "யாருடி நீ?" என்று பாய்ந்தாள். ஃபிலோமினா நாத்தனாரைக் கையால் தடுத்துவிட்டு நேரே அவளிடம் போய் நின்றாள்.

"பேர் என்ன?"

"ஒட்டிலி. கையுறைக் கடையில தைக்கிறேன்."

"என்னைக்கு வருவார்?"

"செவ்வாய், வெள்ளி."

"வெள்ளிக்கிழமை சீட்டாடப் போறேன்னு சொல்வார்."

"ஆடுவோம். முடிஞ்ச பிறகு."

ஃபிலோமினா இதைச் சற்று யோசித்தாள். அழுகை வரவேண்டிய இடம் என்று தெரிந்தது. ஆனால் ஜன்னல்களில் தலையணைகள் அசையாமல் நின்றன. யாரும் சிரிக்கவில்லை. அதை அவளுடைய காது மனதுக்கு முன்னால் குறித்துக்கொண்டது.

"எதுக்கு உன்கிட்ட வந்தார்? என்கிட்ட என்ன இல்ல?"

ஒட்டிலி தரையைப் பார்த்தாள். "தப்பா நினைக்காதீங்க. முதல் ரெண்டு மூணு வருஷம் எப்பவாவதுதான் வருவார். வந்து போயிடுவார். இந்த எட்டு வருஷமாத்தான் தவறாம வந்தார். வந்த உடனே சோபாவுல சாஞ்சுக்குவார். ‘ஒட்டிலி, எங்க வீட்டுல உக்கார இடம் இல்லடி'ம்பார். பாதி நாள் ஒண்ணுமே கிடையாது. சத்தியமா. சாஞ்சு தூங்குவார், எழுந்து போவார். முதுகு வலி அவருக்கு."

ஃபிலோமினா திரும்பிப் புரொபசரைப் பார்த்தாள்.

புரொபசரின் முகம் வெளுத்திருந்தது. "என்ன சோபா?" என்றார்.

"சாதாரண சோபா சார். திராட்சை நிற வெல்வெட்."

"வெல்வெட்டா?"

"கீழ குஞ்சம் வெச்சது."

"குஞ்சமா?" புரொபசர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அவரா? என் நாற்காலியில உக்காந்த மனுஷனா? அம்மணி, இதை என்னால நம்ப முடியல. எட்டு வருஷமா எனக்குத் துரோகம் பண்ணியிருக்கார்."

அந்தத் தெருவில் அப்போது தான் வஞ்சிக்கப்பட்டதாக வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பாதிரியார் வந்து தண்ணீர் தெளித்தார். பெட்டியை எட்டுக் குதிரை பூட்டிய சாவுத் தேரில் ஏற்றினார்கள். புரொபசர் வரைந்து வைத்திருந்த ஊர்வலப் படத்தின்படி தேருக்கு அடுத்த முதல் வண்டியில் இரண்டு பேர்: இடது பக்கம் விதவை, வலது பக்கம் படைப்பாளி. படைப்பாளி படிக்கட்டில் கால் வைத்தார். ஃபிலோமினா அவருடைய கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இது நிறைஞ்சுபோச்சு புரொபசர். நீங்க நடந்து வாங்க. முதுகு நேரா இருக்கும்." பிறகு கூட்டத்துக்குக் கேட்கும்படி நிதானமாகக் கூப்பிட்டாள். "ஒட்டிலி, ஏறு."

"அண்ணி, மூளை கெட்டுப்போச்சா?" என்றாள் கிரெஸென்ஸ். "ஊர் பாக்குது."

"பாக்கட்டும். அதுக்குத்தானே எட்டுக் குதிரை."

ஒட்டிலி தயங்கித் தயங்கி ஏறினாள். ஃபிலோமினா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் திரையைத் தானே முழுக்க விலக்கிவிட்டாள். இரண்டு முக்காடுகளும் தெருவுக்குத் தெளிவாகத் தெரிந்தன.

வண்டிக்காரன்தான் முதலில் தொப்பியைக் கழற்றினான். பிறகு நடைபாதை முழுக்கத் தொப்பிகள் இறங்கின.

"ரெண்டு பேராம்" என்றாள் கூடைக்காரி மரியாதையோடு. "அப்புறம் எதுக்கு வெள்ளைப் பெட்டி?"

"பணக்காரங்க ஃபேஷன்."

கிரெஸென்ஸ் இரண்டாவது வண்டியில் தனியாக ஏறினாள். அவளுடைய கணவருக்கு ஒரே ஒரு விதவைதான். நடைபாதையில் நின்றவர்கள் அவளுடைய வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டுக் குதிரையும் தெருமுனையில் சற்றுத் திணறிவிட்டுத் திரும்பின. புரொபசர் பின்னால் சேற்றில் நடந்து வந்தார். பெட்டி தூக்குகிறவர்களின் தொப்பிகள் வழுக்கிக்கொண்டே இருந்தன, ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே வந்தார்.

கல்லறைக்குப் பாதி வழியில் ஒட்டிலி மூக்கை உறிஞ்சினாள். ஃபிலோமினா சதுரக் கைக்குட்டையை நீட்டினாள்.

"அந்த சோபா ஸ்பிரிங் வெச்சதா?"

"ஆமாக்கா. குதிரைமுடி மெத்தை."

"அக்கானு கூப்பிடாதே. மேடம்."

"சரி மேடம். வலது பக்கம் கொஞ்சம் பள்ளம் விழுந்திருக்கு. அவர் உக்கார்ற இடம்."

ஃபிலோமினா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வரிசை முடிந்து கல் தச்சர்களின் கொட்டகைகள் தொடங்கியிருந்தன. அவளுக்கும் எட்டு வருடமாக இடுப்பு வலி. யாரிடமும் சொன்னதில்லை.

"இடது பக்கம் எப்படி?" என்று கேட்டாள்.